எம்ஜிபிக்கு எந்த டயர்? முதலில் தேதியைப் பாருங்கள்

வாசகர் கேள்வி:

ஐயா, இங்கிலாந்தில் ரெடிங் நகரில் இருக்கிறேன். வயது 57. கல்லூரி நாளிலிருந்து ஆசைப்பட்ட எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றைப் போன மார்ச்சில் வாங்கினேன். 1972ஆம் வருட வண்டி. குரோம் பம்பர், கம்பிச் சக்கரம், எஞ்சின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் கியர். முன்பு வைத்திருந்தவர் வருடத்துக்கு 300 மைல்கூட ஓட்டியதில்லையாம். டயரில் பட்டன் 6 மில்லிமீட்டர் இருக்கிறது, பார்க்கப் புதிதுபோலத் தெரிகிறது. ஆனாலும் 55 மைல் வேகத்தைத் தொட்டால் ஸ்டியரிங் நடுங்குகிறது. மழையில் ரவுண்டானா திரும்பும்போது பின்பக்கம் இழுக்கிறது. இங்குள்ள டயர் கடைக்காரர், "185/65 போடுங்கள், அகலம் கூடினால் பிடிப்பு கூடும், விலையும் மலிவு, ட்யூப் எல்லாம் இப்போது யாரும் போடுவதில்லை" என்கிறார். என் மனைவியோ, "இவ்வளவு பட்டன் இருக்கும்போது எதற்கு இந்தச் செலவு?" என்கிறார். ஆகஸ்டில் இருவரும் வேல்ஸ் போகலாம் என்றிருக்கிறோம். டயரை மாற்றித்தான் ஆக வேண்டுமா? மாற்றினால் எதைப் போடுவது? இப்போது இரண்டு, அடுத்த வருடம் இரண்டு என்று மாற்றலாமா? டயரைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அனுப்பிய ஐந்து படங்களில் நான்காவது படத்திலேயே பதில் இருக்கிறது. பின்பக்க இடது டயரின் பக்கச்சுவரை அருகில் வைத்து எடுத்திருக்கிறீர்கள். டிஓடி என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் வரிசையின் கடைசியில், நீள்வட்டக் கட்டத்துக்குள் 1808 என்று நான்கு எண்கள் தெரிகின்றன. முதல் இரண்டு எண்கள் வாரம், அடுத்த இரண்டு வருடம். அதாவது உங்கள் டயர் 2008ஆம் ஆண்டின் 18வது வாரத்தில், மே மாதத் தொடக்கத்தில் அச்சிலிருந்து வெளியே வந்தது. 2000க்குப் பிறகு செய்த எல்லா டயர்களிலும் இந்த நான்கு எண் உண்டு. மூன்று எண்தான் இருக்கிறது என்றால் அது போன நூற்றாண்டு டயர். அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு ஒரே பதில்தான்: மாற்றியே ஆக வேண்டும். வேல்ஸ் போவதற்கு முன் மட்டுமல்ல, இந்த வாரக் கடைசியில் ஊர் சுற்றக் கிளம்புவதற்கு முன்பே. புது டயர் வரும்வரை வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுக்காதீர்கள்.

உங்கள் மனைவியின் கேள்வி நியாயமானது. என் ஷெட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேராவது அதையே கேட்கிறார்கள். நம் ஊரில் டயர் என்றாலே பட்டனைத்தான் பார்ப்போம். பட்டன் தேய்ந்து மொட்டையானால் மாற்று, இல்லையென்றால் ஓட்டு. தினமும் ஓடும் டாக்சிக்கும் பஸ்ஸுக்கும் அந்தக் கணக்கு சரி. அவற்றில் ரப்பர் கிழடாவதற்கு முன்பே தேய்ந்துவிடும். வருடத்துக்கு 300 மைல் ஓடும் வண்டியில் கதை தலைகீழ். பட்டன் அப்படியே நிற்கும், ரப்பர் உள்ளுக்குள் செத்துப்போகும்.

ஏன் என்று சொல்கிறேன். டயர் ரப்பரில் ஒருவகை மெழுகும், ஓசோனைத் தடுக்கும் ரசாயனமும் கலந்திருப்பார்கள். டயர் உருண்டு நெளியும்போது அவை மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வந்து மேலே ஒரு படலமாக நிற்கும். காற்றில் இருக்கும் ஓசோன் ரப்பரைத் தாக்காமல் காப்பது அந்தப் படலம்தான். வண்டி நின்றுகொண்டே இருந்தால் நெளிவு இல்லை, கசிவும் இல்லை. பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் கிளம்பும். இது வெளியே நடப்பது. உள்ளே, எஃகுக் கம்பிப் பட்டையையும் ரப்பரையும் ஒட்டிவைத்திருக்கும் மெல்லிய அடுக்கு ஆக்சிஜன் பட்டுப் பட்டு இறுகி, பிடியை விடத் தொடங்கும். அது கண்ணுக்குத் தெரியாது. வெளியே ஒரு வெடிப்புகூட இல்லாத டயரிலும் அது நடந்திருக்கலாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். தினமும் ஓட்டும் உங்கள் இன்னொரு காரின் டயரில், பட்டனுக்கு நடுவே கட்டைவிரல் நகத்தை ஊன்றி அழுத்துங்கள். நகம் கொஞ்சம் இறங்கும், எடுத்ததும் தடம் மெல்ல மறையும். பிறகு எம்ஜிபியின் டயரில் அதே மாதிரி அழுத்துங்கள். மேசை விளிம்பில் அழுத்துவதுபோல இருக்கும். ஷெட்டில் இதற்குக் கடினம் அளக்கும் ஒரு சிறு கருவி வைத்திருக்கிறோம். புதுக் கார் டயர் பெரும்பாலும் 60லிருந்து 70க்குள் காட்டும். பத்துப் பதினைந்து வருடம் கொட்டகையில் கிடந்த டயர்களில் 80ஐத் தாண்டியும் பார்த்திருக்கிறேன். மழையில் உங்கள் பின்பக்கம் இழுப்பதற்குக் காரணம் இதுதான். ஈரச் சாலையில் டயர் பிடிப்பது, ரப்பர் தார்ச்சாலையின் பொடிப்பொடி மேடுபள்ளங்களுக்குள் அமுங்கி உட்காருவதால். இறுகிய ரப்பர் உட்காராது, மேலோடு சறுக்கிப் போகும். 6 மில்லிமீட்டர் பள்ளம் தண்ணீரை வெளியேற்றும், சரி. பிடிக்க வேண்டிய ரப்பர் பிடிக்க வேண்டாமா?

என் சொந்த அனுபவம் ஒன்று. பல வருடங்களுக்கு முன் ஒரு எம்ஜிபி ஜிடியை (நிலையான கூரை உள்ள வகை) வாங்கி, ஸ்டோன்ஹெஞ்ச் பக்கமாகப் போகும் ஏ303 சாலையில் ஓட்டி வந்தேன். டயருக்கு வயது 14. பட்டன் நன்றாக இருந்தது, வெடிப்பு இல்லை. எனக்கே ஒரு நம்பிக்கை, வீடு வரை போய்விடலாம் என்று. 60 மைல் வேகத்தில், பின்னால் யாரோ கதவைத் தட்டுவதுபோல டப் டப் என்று ஒரு சத்தம் கேட்டது. சக்கரத்தில் நட்டு தளர்ந்துவிட்டதோ என்று நினைத்து வேகத்தைக் குறைப்பதற்குள் சத்தம் அடியாக மாறிவிட்டது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால், டயரின் மேல்பட்டை இரண்டு அடி நீளத்துக்கு உரிந்து சவுக்கு மாதிரி தொங்குகிறது. மட்கார்டின் உள்தகடு நசுங்கிப் போயிருந்தது. டயரில் காற்று அப்படியே இருந்தது, அதுதான் அன்று என்னைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து, வாங்கிய வண்டியின் டயர் பத்து வயதைத் தாண்டியிருந்தால் லாரியில் ஏற்றித்தான் கொண்டுவருவேன்.

இந்த நாட்டுச் சட்டமும் இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றது. 2012 செப்டம்பரில் வைட் தீவு இசை விழாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு பஸ், ஏ3 சாலையில் ஹைண்ட்ஹெட் அருகே முன் டயர் வெடித்து மரத்தில் மோதியது. மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயரின் வயது 19 வருடத்துக்கும் மேல். பட்டன் சட்டப்படி போதுமான அளவு இருந்தது. அதில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் ஆண்டுக்கணக்கில் போராடினார். 2021 பிப்ரவரியிலிருந்து லாரி, பஸ்களின் முன் அச்சில் பத்து வயதுக்கு மேற்பட்ட டயர் கூடாது என்று சட்டம் வந்தது. சொந்தக் கார்களுக்கு அந்தத் தடை இல்லை. உங்கள் வண்டி 40 வயதைத் தாண்டியதால், வருடாந்தரத் தகுதிச் சோதனையான எம்ஓடிக்கும் போக வேண்டியதில்லை. ஆக, உங்கள் டயரைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல யாருமே இல்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு: ஆறு வயதானால் வருடாவருடம் கழற்றிப் பாருங்கள், பத்தாவது வயதில் கழித்துவிடுங்கள். பட்டன் எவ்வளவு இருந்தாலும் சரி.

இப்போது அளவுக்கு வருவோம். கடைக்காரர் சொன்ன 185/65ஐ (அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம்) போடாதீர்கள். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. நாள் முழுக்க இன்றைய கார்களுக்கு டயர் மாட்டுகிறவர், அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்.

எம்ஜிபி 1962இல் ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 14 அங்குலச் சக்கரத்தில் குறுகிய டயரோடு வந்தது. பிறகு ரேடியல் டயர் வழக்கமானபோது ரோட்ஸ்டருக்கு 155, கொஞ்சம் கனமான ஜிடிக்கு 165 என்று போட்டார்கள். பக்கச்சுவர் உயரம் அகலத்தில் ஏறக்குறைய 80 சதவீதம். அதனால்தான் பழைய டயர்களில் 165 ஆர் 14 என்று மட்டும் இருக்கும், நடுவில் சாய்கோடு போட்டு இன்னொரு எண் இருக்காது. இன்றைய எழுத்துமுறையில் அது 165/80 ஆர் 14.

அதன் மொத்த உயரம் சுமார் 620 மில்லிமீட்டர். 185/65 ஆர் 14 டயரின் உயரம் 596. பார்த்தால் சின்ன வித்தியாசம், ஆனால் இது நான்கு சதவீதம். வண்டி 12 மில்லிமீட்டர் தரையை நோக்கி இறங்கும். எம்ஜிபியின் சைலன்சர் வேகத்தடையில் உரசுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அந்த 12 மில்லிமீட்டர் எவ்வளவு பெரியது என்று. ஸ்பீடோமீட்டர் 70 காட்டும்போது நீங்கள் உண்மையில் 67இல்தான் போய்க்கொண்டிருப்பீர்கள். டாப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 150 சுற்று கூடுதலாகச் சுற்றும். ஓவர்டிரைவுக்கென்றே தேடி வாங்கிய வண்டியில், அது கொடுக்கும் நிம்மதியில் ஒரு பங்கை டயரில் தொலைக்கலாமா?

அதோடு, உங்கள் கம்பிச் சக்கரத்தின் ரிம் அகலம் 4.5 அங்குலம். 185/65க்குக் குறைந்தது 5 அங்குல ரிம் வேண்டும். குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் அடிப்பக்கம் இறுகி, நடுவயிறு பிதுங்கி நிற்கும். திரும்பும்போது டயர் பக்கவாட்டில் ஆடும், வண்டி ஒரு கணம் தாமதித்துத் திரும்பும். பின்பக்கத்தில் இன்னொரு தொல்லை. எம்ஜிபியின் பின் அச்சு இரண்டு பக்கமும் சரிசமமாக உட்கார்ந்திருப்பது அபூர்வம். ஒரு பக்கம் மட்கார்டு விளிம்புக்கும் டயருக்கும் விரல் நுழையும், மறுபக்கம் நுழையாது. அகல டயரோடு இருவர் உட்கார்ந்து, சாமானும் ஏற்றி, வேல்ஸ் மலைப்பாதை வளைவில் இறங்கினால் உரசல் நிச்சயம்.

"அகலம் கூடினால் பிடிப்பு கூடும்" என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், எல்லோரும் நம்பும் வாக்கியம் அது. நீங்கள் ஏறி உட்கார்ந்தால் வண்டி ஏறக்குறைய 1,000 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 250 கிலோ, அதாவது 550 பவுண்டு. டயரில் 24 பவுண்டு காற்று இருந்தால், அந்த எடையைத் தாங்கத் தரையில் படும் இடம் சுமார் 23 சதுர அங்குலம். ஆறுக்கு நாலு அளவு போட்டோ ஒன்றைத் தரையில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான். அகல டயர் போட்டாலும் அதே எடை, அதே காற்று என்றால் அந்தப் பரப்பு அதிகம் மாறாது. நீளவாக்கில் இருந்த போட்டோ குறுக்குவாக்கில் திரும்பும், அவ்வளவே. குறுக்காகத் திரும்பினால் காய்ந்த சாலையில் வளைவில் கொஞ்சம் ஆதாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தேங்கிய தண்ணீரில், குறுகிய டயர் கத்திபோல வகுந்து போகும் இடத்தில் அகல டயர் பலகைபோல மேலே ஏறப் பார்க்கும். ரெடிங்கிலிருந்து வேல்ஸ் வரை எத்தனை நாள் காய்ந்த சாலை பார்ப்பீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஸ்டியரிங்கும் இருக்கிறது. உங்கள் வண்டியில் பவர் ஸ்டியரிங் இல்லை. 165இல் இரண்டு விரலில் உணர்ந்து ஓட்டலாம். 185இல் வண்டியை நிறுத்தத் திருப்பும்போது தோள் வலிக்கும். அதைவிட முக்கியமானது, எல்லையைத் தொடும்போது டயர் எப்படி நடந்துகொள்கிறது என்பது. உயரமான பக்கச்சுவர் உள்ள குறுகிய டயர், பிடி விடுவதற்கு முன் நெளிந்து, கொஞ்சம் கத்தி, இருக்கைக்கே தகவல் அனுப்பும். அகலமும் குட்டையும் ஆன டயர் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று விடும். 1950களின் கடைசியில் வரைபலகையில் போட்ட இந்த வண்டியின் ஸ்பிரிங், நெம்புகோல் டேம்பர் (அதிர்வுத் தாங்கி), பின் அச்சு எல்லாமே முதல்வகை டயரை மனதில் வைத்துச் செய்தவை. இந்த வண்டியில் இன்பம் வேகத்தில் இல்லை. 40 மைலில் ஒரு வளைவில் முன்சக்கரம் என்ன செய்கிறது என்று உள்ளங்கையில் தெரிகிறதே, அதில்தான் இருக்கிறது. அதற்காகத்தானே கல்லூரி நாளிலிருந்து ஆசைப்பட்டீர்கள்.

ஆகவே, அளவு 165 ஆர் 14. என்ன டயர்? இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, பழைய வண்டிகளுக்கென்றே இன்றும் செய்கிற டயர். பிரெல்லி நிறுவனம் தன் 1950களின் சின்டுராட்டோ சிஏ67 வடிவத்தைப் பழைய கார்களுக்கான தன் வரிசையில் இப்போதும் செய்து தருகிறது. 165 எச்ஆர் 14 அளவிலும் வருகிறது. பட்டன் கோலம் பழையது, ரப்பர் கலவை இன்றையது. தோற்றமும் வண்டிக்குப் பொருந்தும், ஈரத்தில் பிடிக்கும், ஸ்டியரிங் உயிரோடு இருக்கும். விலை சாதாரண டயரைப்போல இரு மடங்குக்கும் மேல். இரண்டாவது வழி, இன்றைய சாதாரண 165/80 ஆர் 14. இந்த அளவில் இப்போது வகைகள் குறைந்துவிட்டன, ஆனாலும் கிடைக்கும். நல்ல கம்பெனி டயராகப் பார்த்து வாங்கினால் மோசமில்லை. கையில் பணம் இறுக்கம் என்றால் தயங்காமல் இதைப் போடுங்கள். புதிதான சாதாரண டயர், கிழடான விலையுயர்ந்த டயரைவிட ஆயிரம் மடங்கு மேல். என்னிடம் கேட்டால், வருடத்துக்கு ஆயிரம் மைல் ஓடி பத்து வருடம் வரப்போகும் டயருக்கு அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கலாம். ஒரு வருடத்துக்குப் பிரித்துப் பார்த்தால், இருவரும் ஒருநாள் வெளியே சாப்பிடும் செலவை ஒட்டித்தான் வரும்.

வாங்கும்போது ஒரு எழுத்தில் ஏமாறாதீர்கள். 165 ஆர் 14 என்று தேடினால், அதே எண்ணோடு கடைசியில் சி என்ற எழுத்து ஒட்டிய டயர்கள் மலிவாக வந்து நிற்கும். அவை சிறிய சரக்கு வேன்களுக்கானவை. ஒவ்வொரு டயரும் 700 கிலோவைத் தாங்கும்படி கட்டியிருப்பார்கள். உங்கள் சக்கரத்துக்கு வேண்டியது 250, 300 கிலோ. மாட்டினால் கட்டை வண்டிபோலக் குதிக்கும், மழையில் பிடிக்கவும் செய்யாது. ஒருவர் இப்படி மாட்டிக்கொண்டு வந்து, டேம்பர் போய்விட்டது என்று சொல்லி நான்கையும் மாற்றச் சொன்னார். டயரை மாற்றினோம், டேம்பரைத் தொடவே இல்லை. உங்களுக்கு வேண்டியது 84எச் அல்லது 84டி என்று போட்டிருக்கும் டயர். 84 என்றால் 500 கிலோ தாங்கும், தாராளம். டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர், எச் என்றால் 210. புதிதாக இருந்தபோதே உங்கள் வண்டி 170ஐ எட்ட மூச்சு வாங்கும், ஆகவே இரண்டில் எதுவும் போதும்.

பணம் கொடுப்பதற்கு முன் கடையில் ஒரு கேள்வி கேளுங்கள்: "டயரின் தேதி என்ன?" பழைய வண்டி டயர்களை எப்போதாவது ஒருமுறை கொஞ்சமாகச் செய்து கிடங்கில் வைத்துவிடுவார்கள். புதிது என்று விற்கும் டயருக்கு நான்கு வயது ஆகியிருக்கலாம். இரண்டு வருடத்துக்கு உட்பட்டது என்றால் வாங்குங்கள். ஐந்தும் ஒரே தேதியை ஒட்டி இருக்கட்டும்.

ஐந்து என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு இரண்டாக மாற்றலாமா என்ற கேள்விக்கு அதுவே பதில். நான்கும் 2008 என்னும்போது எந்த இரண்டை விட்டுவைப்பது? முன்னால் புது ரப்பர் பிடித்து, பின்னால் கிழட்டு ரப்பர் விட்டால், மழையில் வண்டி சுற்றிக்கொண்டு திரும்பும். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். டிக்கியைத் திறந்து அதன் தேதியைப் பாருங்கள், மற்றவற்றைவிடக் கிழடாக இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. ஸ்டெப்னி என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் ஊரில் லாரிக்காரரிலிருந்து ஆட்டோக்காரர் வரை சொல்லும் இந்தச் சொல் பிறந்த இடமே நீங்கள் போகப்போகும் வேல்ஸ்தான். அங்கே லானெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று உண்டு. 1900களின் தொடக்கத்தில், டயர் பஞ்சரானால் அந்தச் சக்கரத்தின் மேலேயே மாட்டிக்கொண்டு ஓட்டும் மாற்றுச் சக்கரத்தை அங்கே செய்து, தெருவின் பெயரையே வைத்தார்கள். உலகின் பெரும்பகுதி மறந்துவிட்ட பெயரை நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வழியில் பட்டால் அந்தத் தெருவில் வண்டியை நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ட்யூப் விஷயத்தில் கடைக்காரர் சொன்னதைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டாம். உங்கள் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியின் முனையும் ரிம்மைத் துளைத்து உள்ளே வருகிறது. அத்தனை துளை வழியாகவும் காற்று போகும். துளைகளைப் பசை தடவி அடைத்து ட்யூப் இல்லாமல் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் நான் செய்ய மாட்டேன். ட்யூப்லெஸ் டயரின் விளிம்பு நழுவாமல் பிடிக்க இன்றைய ரிம்களில் ஒரு சிறு மேடு இருக்கும். பழைய கம்பிச் சக்கரங்களில் பெரும்பாலும் அது கிடையாது. வளைவில் காற்று குறைந்திருந்தால் விளிம்பு உள்ளே விழுந்துவிடும். டயர் ட்யூப்லெஸ் வகையாக இருக்கட்டும், உள்ளே 165 ஆர் 14க்கான ரேடியல் ட்யூப் போடச் சொல்லுங்கள். ட்யூபும் ரிம் பட்டியும் புதிதாக இருக்கட்டும். பழைய ட்யூபைத் திரும்ப மாட்டவே கூடாது, அது பழைய டயருக்குள் நீண்டு பழகிப்போயிருக்கும், புது டயரில் மடிந்து, மடிந்த இடத்தில் தேய்ந்து வெடிக்கும்.

மாட்டும்போது நீங்கள் கூடவே நில்லுங்கள். டயருக்குள் கம்பெனிக்காரர் ஒட்டிய காகிதச் சீட்டு இருக்கும். அதை உரித்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கடுகளவு காகித மூலை ஆயிரம் மைலில் ட்யூபைத் துளைத்துவிடும். உள்ளே கையை விட்டுச் சுற்றித் தடவினால் விரலுக்குத் தட்டுப்படும். அப்புறம் டால்கம் பவுடர் தூவி, ட்யூபில் கொஞ்சம் காற்று பிடித்து, மடிப்பு விழாமல் உட்காரவைத்து, பிறகுதான் முழுக் காற்று. அவசரமாகச் செய்கிற கடை என்றால் வேறு கடை பாருங்கள். கம்பிச் சக்கரம் பழகிய கடை ஒன்று தேடி இருபது மைல் போனாலும் தகும்.

55 மைலில் வரும் நடுக்கத்துக்கும் அங்கேதான் வழி. நின்று நின்று சப்பையான டயர்தான் முதல் சந்தேகம், புது டயரில் பாதி போய்விடும். மீதிக்குச் சக்கரத்தைப் பாருங்கள். ஜாக்கி போட்டுத் தூக்கி, ஒவ்வொரு கம்பியையும் சின்ன ஸ்பேனரால் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுக்கமான கம்பி ணங் என்று பாடும். தளர்ந்தது டொக் என்று சொல்லும். ஒன்றிரண்டு என்றால் இறுக்கலாம், நிறைய என்றால் சக்கரத்தையே மாற்றுவது நல்லது. சக்கரத்தைக் கழற்றியதும், உள்ளே நடுத்துளையில் இருக்கும் பற்களையும் அச்சில் இருக்கும் பற்களையும் பாருங்கள். நுனி தட்டையாக இருக்க வேண்டும். ரம்பம்போலக் கூராகியிருந்தால் தேய்ந்துவிட்டது என்று பொருள். பேலன்சிங் செய்யும்போது, நடுத்துளையின் இரண்டு பக்கச் சரிவிலும் சரியாக உட்காரும் கூம்பு கடைக்காரரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல் சாதாரணக் காரின் கூம்பில் மாட்டினால் எந்திரம் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும், நடுக்கம் அப்படியே இருக்கும்.

காற்று எவ்வளவு? வண்டியோடு வந்த கையேடு முன்னே 21, பின்னே 24 பவுண்டு என்று சொல்லும். நான் புது டயரில் முன்னே 24, பின்னே 26 என்று தொடங்கி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றிரண்டு கூட்டிக் குறைப்பேன். காலையில், வண்டி எடுப்பதற்கு முன் பாருங்கள். சரியா என்று அறிய, பட்டனின் குறுக்கே சாக்பீஸால் ஒரு தடித்த கோடு போட்டு, நேரான சாலையில் நூறு அடி உருட்டுங்கள். கோடு முழு அகலமும் ஒரேபோல அழிந்தால் காற்று சரி. நடுவில் மட்டும் அழிந்தால் அதிகம், இரு ஓரமும் அழிந்து நடுவில் நின்றால் குறைவு.

புது டயரின் மேல், வார்ப்பச்சில் ஒட்டாமலிருக்கத் தடவிய எண்ணெயின் பூச்சு இருக்கும். முதல் 100 மைல் மெதுவாக ஓட்டுங்கள், மழையில் இன்னும் கவனம். நவம்பரில் வண்டியை மூடிவைக்கும்போது காற்றை 35க்கு ஏற்றிவிடுங்கள், மாதம் ஒருமுறை அரைச் சுற்று தள்ளி நிறுத்துங்கள், கறுப்பு மினுமினுப்புக்காகத் தடவும் எண்ணெய்ப் பூச்சை டயர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கடைசியாக ஒரு வேலை. சக்கரங்களைத் திரும்ப மாட்டும்போது பற்களில் கிரீஸ் தடவி, நடு நட்டைச் செம்புச் சுத்தியலால் இறுக்குங்கள். 50 மைல் ஓடியதும் ஓரம் கட்டி, நான்கையும் மறுபடி ஒருமுறை தட்டிப் பாருங்கள். ரெடிங்கிலிருந்து எம்4 சாலையில் மேற்கே கிளம்பினால் அந்த 50 மைல், செவர்ன் பாலத்துக்கு வெகு முன்னாலேயே, சிப்பன்ஹாம் ஊர்ப் பக்கம் முடியும். சுத்தியலை டிக்கியில் மேலாக வையுங்கள், சாமானுக்கு அடியில் போய்விட வேண்டாம்.